பழைய பிக்கப்புக்கு லாரிக் கண்ணாடி

எங்களிடம் இருந்த பிக்கப் வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன வண்டிகளை ஏலம் போட்டார்களே, அந்த வகை. மலை மேல் ஒரு காப்பித் தோட்டத்தில் சில வருஷம் ஓடிவிட்டு, கொடைரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் கிடந்தது. அங்கிருந்துதான் நான் வாங்கினேன். ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பலகை அடித்த திறந்த தொட்டி. கன்னிவாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் இருக்கிற தோட்டங்களில் பறிக்கும் கத்தரி, அவரை, தக்காளி, மல்லிகைப் பூ எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காலையில் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவதுதான் என் தொழில்.

இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு நம்மூர் ரோட்டில் பாதிதான் கண்ணில் படும். முன்னால் ஒரு மாட்டு வண்டி போனால், அதைத் தாண்டலாமா கூடாதா என்று எட்டிப் பார்க்க வழியில்லை. பின்னால் வருகிறவன் வலப்பக்கமாகத்தான் முந்துவான், அவனும் தெரியமாட்டான். கண்ணாடி என்று இருந்தது இடப்பக்கக் கதவில் ஒன்றே ஒன்று. உள்ளங்கை அளவு வட்டம். ரசம் போய் ஓரமெல்லாம் கறுத்திருக்கும். அதில் வேலியும் பனைமரமும் தெரியும், வேறொன்றும் தெரியாது.

வலப்பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்து வந்தாள். மார்க்கெட்டில் பூக்காரர்களிடம் பேசி விற்பது அவள் வேலை. அதற்காக வர ஆரம்பித்தவள், நாளடைவில் ரோட்டையும் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முன்னாலும் பின்னாலும் பார்ப்பாள். "இருங்க, பஸ்ஸு வருது. இருங்க. ம், இப்பப் போங்க." அவ்வளவுதான் சொல்வாள். நான் போவேன். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவள்தான் கையை வெளியே நீட்டிக் காட்டுவாள். கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று பிக்கப் வண்டியிலிருந்து நீளுவதைப் பார்த்து ரெட்டியார்சத்திரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒரு பங்குனியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அப்புறம் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளை அந்த வண்டியிலேயேதான் கொண்டு போனேன். அன்றைக்கு அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தாள். பிறகு இறந்துபோனாள். எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சாமியார் ஜெபம் சொன்னார். எல்லோரும் மண் போட்டார்கள். நானும் போட்டேன். மண் காய்ந்து கட்டி கட்டியாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டேன் என்றெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பூசை முடிந்த மறுநாள் வண்டியை எடுத்தேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. கத்தரிக்காய் முற்றிக்கொண்டிருந்தது, எடுத்தேன். பக்கத்தில் சீட்டு காலியாக இருந்தது. என் மகளுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். ரோட்டில் எந்த வண்டியையும் முந்துவதில்லை. முன்னால் மாட்டு வண்டி போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்து போனேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, போ போ என்று கை காட்டுவார். அப்படிக் காட்டினாலும் நான் போவதில்லை. மார்க்கெட்டுக்கு லேட்டாகப் போனேன். பூ வாடிப்போய் இறங்கியது. பூக்காரர்கள் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் ஊர் ரோடு பழனி ரோட்டில் போய்ச் சேரும். திண்டுக்கல்லுக்கு அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு காலை அப்படித் திரும்பும்போது தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்னாலிருந்து முந்த வந்த பால்காரர் ஒருவர் சைக்கிளோடு கீழே கிடந்தார். நான் கை காட்டாமல் திரும்பியிருக்கிறேன். அவர் வந்ததை நான் பார்க்கவும் இல்லை. பின் சக்கரம் வளைந்து, கேன் கவிழ்ந்து, பால் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முழங்கையில் சிராய்ப்பு. வேறு அடியில்லை.

அவர் எழுந்து வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எங்கள் வட்டாரத்துக்காரர்தான், விஷயம் தெரிந்தவர். "பரவால்லப்பா," என்றார். "நீ போ. நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. பால் மண்ணில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிளைத் தூக்கி வண்டியில் போட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு போய் ரிப்பேர்க் கடையில் விட்டேன். வழியெல்லாம் அவர்தான் பேசினார். என்ன பேசினார் என்று நினைவில்லை.

இந்தச் செய்தி என் மச்சானுக்குப் போய்விட்டது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திண்டுக்கல்லில் குடியிருந்தார், மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் லாரி ஓட்டினார். உரத்த குரல். எங்கே போனாலும் அங்கே வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறவர். தங்கையின் அடக்கத்தன்று பந்தல் போடுவது, சவப்பெட்டிக்குச் சொல்வது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது எல்லாம் அவர்தான் நின்று செய்தார். அன்றைக்கு அழாத ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த நாள் மார்க்கெட்டில் நான் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். அந்த வட்டக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இது மூஞ்சி பாக்கக்கூட ஆகாது. லாரிக்குப் போடுற கண்ணாடி ரெண்டு போடுவோம், ரெண்டு பக்கமும். இனி நீ ஒத்தையில ஓட்டணும்ல."

சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்த பட்டறை ஒன்று இருந்தது. கண்ணாடிகளை அவரே எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். நீள்சதுரமானவை, ஒரு சாமிப் படம் அளவு இருக்கும். பழைய கண்ணாடியைக் கழற்றினார்கள். அதன் திருகாணிகள் துருப்பிடித்துத் தலை உடைந்து வந்தன. பட்டறைக்காரர் இரும்புக் குழாயை வளைத்து, கண்ணாடி வெளியே நன்றாகத் தள்ளி நிற்கிற மாதிரி நீளமாகக் கை செய்தார். முதலில் கதவில் மட்டும் பொருத்தினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. தெருவே அதில் தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி கலங்கியது. கதவுத் தகடு மெலிசு, தாங்காது என்றார்கள். அப்புறம் மட்கார்டிலிருந்து இன்னொரு கம்பி கொடுத்து, நடுவில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து முடுக்கினார்கள். ஆட்டம் நின்றது. வலப்பக்கத்துக்கும் அப்படியே செய்யப் போனார்கள். அங்கே கண்ணாடியைக் கதவில் வைத்தால் என் சீட்டிலிருந்து தெரியவில்லை. அதனால் முன்னால் தள்ளி மட்கார்டின் மேலேயே ஏற்றினார்கள். மதியம் வரை ஆனது. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மச்சான்தான் பட்டறைக்காரரிடம் இப்படி வை, அப்படி வை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கோணம் சரிபார்க்க வேண்டும். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார்கள். பின்னால் அடையாளத்துக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். நான் நிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மச்சான் பின்னால் போனார்.

வலப்பக்கக் கண்ணாடியில் முதலில் வானம் வந்தது. பட்டறைக்காரர் முன்னால் நின்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். எதிர்வீட்டுக் கூரை வந்தது. ஒரு கோழி வந்தது. பிறகு மச்சான் வந்தார். ரோட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அமுக்கிப் பிடித்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. ஏதோ சிரிப்பை அடக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். துண்டை எடுத்தபோது முகம் முழுக்க ஈரமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வண்டியின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடி தன் பக்கம் திரும்பிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

"தெரியுதாண்ணே?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

தெரிகிறது என்றேன். இன்னும் கொஞ்சம் திருப்பவா என்று கேட்டார். வேண்டாம், இப்படியே முடுக்கிவிடுங்கள் என்றேன்.

அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மச்சானின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, பழைய குரலில், என்னப்பா ஆச்சா இல்லையா என்று கேட்டபடி முன்னால் வந்தார். நான் அதைப் பற்றி அவரிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

ஊர் வரைக்கும் என்னோடு வந்தார். வலப்பக்கச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் வந்த பஸ் ஒன்று கண்ணாடியில் பெரிதாகிப் பெரிதாகி, எங்களைத் தாண்டிப் போனது. எனக்கு வழிவிட நேரமிருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மகளைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், தன் பிள்ளைகளோடு பிள்ளையாக இருப்பாள், நீ வண்டியில் கிடப்பாய், இங்கே யார் பார்ப்பது என்றார். அதற்கும் சரி என்றேன். மகள் தன் பாவாடைகளை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணாடிகள் நன்றாக வேலை செய்தன. அதன்பின் யார் மேலும் இடிக்கவில்லை. ஆனால் பின்னால் வருவதைத்தான் கண்ணாடி காட்டும், முன்னால் வருவது தெரியாது. அதனால் முந்துவதை அடியோடு விட்டுவிட்டேன். சரக்குக் கொடுப்பவர்களும் அதற்குப் பழகி, அரைமணி முன்னாலேயே பறித்து வைத்தார்கள். மார்க்கெட் முடிந்ததும் மச்சான் வீட்டுக்குப் போய் மகளைப் பார்ப்பேன். அக்கா சோறு போடுவார்கள், மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை இருந்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவேன்.

முழுப்பரீட்சை லீவுக்கு அவளை ஊருக்குக் கூட்டிவந்தேன். பள்ளி திறக்கும் சமயத்தில் மச்சான் அவளைக் கூட்டிப்போக வந்தார். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நான் இங்கனயே இருக்கேன்ப்பா," என்றாள் என்னைப் பார்த்து. "காலையில உங்க கூடவே பள்ளிக்கூடத்துக்கு வந்துக்கிறேன்."

மச்சான், பொம்பளைப் பிள்ளை, அம்புட்டு தூரம் தினமும் எப்படி, யார் தலை பின்னுவது என்றெல்லாம் சொன்னார். அவர் சொன்னது எதிலும் தப்பில்லை. சரி என்ற வார்த்தை எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அவள் உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது.

"அவ இங்க இருக்கட்டும் மச்சான்," என்றேன்.

மச்சான் வருத்தப்பட்டாரோ என்று நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இனிமேல் பஸ் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் காலையில் உன் வண்டியிலேயே வருகிறேன் என்றார். மகள் குழம்பு வைத்தாள். உப்பு இல்லை. மச்சான் அதைச் சொன்னதும் அவள் எழுந்துபோய் உப்புப் போட்டுக் கலக்கினாள், கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எனக்கு அன்றைக்குப் பசித்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டேன்.