போஜலியின் பெயர்

கேஜாபாயின் தலையில் மஞ்சள் தொப்பி வைத்தவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும். வைத்தவர் எங்கள் பஞ்சாயத்துச் செயலர். தொப்பி போட்ட பெண்கள், குளத்தங்கரையில் சொம்போடு யார் வெளிக்குக் குந்தினாலும் விசில் ஊத வேண்டும். பிடிபட்டவர் கழுத்தில் சாமந்தி மாலை விழும். விசில் ஊதியவளே சாயங்காலம் கோயில் மைக்கில் பேரைச் சொல்ல வேண்டும். பேர் வந்த வீட்டுக்கு அந்த மாசம் ரேஷன் அரிசி கிடையாது. நிறையப் பேரைப் பிடிப்பவளுக்கு மேடையில் சேலை. ஊரைத் திருத்த அந்த மனுஷன் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான்.

கக்கூஸ் கட்டிய காண்டிராக்டர் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டுக் கம்பி நீட்டினானே, அவனுக்கு யார் மாலை போட்டார்கள்? கோடையிலேயே உடைந்த அடிபம்பை யார் பார்த்தார்கள்? அதற்கெல்லாம் விசில் கிடையாது.

கேஜாபாய் ஒன்றும் கெட்டவள் இல்லை. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மண்கூடை சுமந்து வயிற்றைக் கழுவியவள். அவளுக்காக யாரும் கை தட்டியதில்லை. முதல் நாள் மைக்கில் ஒரு பேரைச் சொன்னதும் ஊர் சிரித்துக் கை தட்டியது. அந்த ருசி பிடித்துப்போயிற்று. நிறைமாசக்காரியைப் பிடித்தாள். வயிற்றுப்போக்கில் தவித்த கிழவர் வேட்டியைச் சரிசெய்வதற்குள் மாலையைப் போட்டாள். கேட்டால், "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பாள். செயலர் சொல்லிக் கொடுத்த பாட்டு.

பரிசுக்கு முந்தின நாள் விடியலில் நல்ல பனி. காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. இன்னொருத்தி முந்திக்கொள்வாளோ என்ற பயத்தில் கேஜாபாய் ஊதிவிட்டுத்தான் பார்த்தாள். எழுந்து நின்றது மன்ராகன் பெண்டாட்டி சுக்வாரோ. கேஜாபாயின் போஜலி.

சின்ன வயதில் இதே குளத்துப் படியில் ஒருத்தி காதில் இன்னொருத்தி, திருவிழாவுக்கு முளைக்கவைத்த போஜலி என்ற கோதுமை நாற்றைச் செருகித் தோழிச் சத்தியம் செய்துகொண்டார்கள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேர் போயிற்று. பார்த்தால் சொல்வது 'சீதாராம், போஜலி', கூப்பிடுவது போஜலி என்றுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். கேஜாபாயின் புருஷன் செத்தபோது, அவள் மறுபடி எழுந்து அடுப்பு மூட்டும்வரை சோறு கொண்டுவந்து ஊட்டியது இந்தப் போஜலிதான்.

"ஊதிட்டியே, போஜலி!"

"இங்க ஏன் வந்தே? வேற பக்கமே இல்லையா உனக்கு?" கேஜாபாய் சீறினாள்.

"வீட்டுக் குழி ரொம்பி வழியுது. உனக்குத் தெரியாதா? வேற பக்கம் போனா வேற எவளாவது ஊதுவா. நீ நிக்கிற பக்கம்னுதான் நம்பி வந்தேன்."

அதற்குள் மற்ற தொப்பிக்காரிகள் ஓடிவந்து மாலையைப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். கேஜாபாய் செயலரின் காதோரம் போய்க் கெஞ்சினாள். "சாகிப், அவ என் போஜலி. நான் பேர் சொல்லக் கூடாது. இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க."

"ஊதத் தெரிஞ்ச வாய்க்குச் சொல்லத் தெரியாதா? சொல்லலேன்னா உன் அரிசியும் நிக்கும். சேலை பிரந்தினுக்குப் போயிடும்."

கேஜாபாய்க்கு அடுத்தபடியாக ஆள் பிடித்திருந்த பிரந்தின், பக்கத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றாள். கேஜாபாய் அவளை முறைத்தாள். மைக்கைப் பிடுங்கி அந்த ஆளின் மண்டையில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் அவளுக்கு அந்த நேரம் பார்த்து மூளை வேலை செய்தது. பேரைத்தானே சொல்லக் கூடாது?

"மேற்குக் கரையில பிடிச்சது, மன்ராகன் வீட்டுக்காரியை!" என்றாள் மைக்கில்.

ஊர் சிரித்தது, கை தட்டியது. செயலர் முதுகில் தட்டிக் கொடுத்தார். கேஜாபாய்க்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. படியிறங்கிக் கூட்டத்தின் ஓரத்துக்கு ஓடினாள்.

"சீதாராம், போஜலி. பாத்தியா, உன் பேரை நான் நாக்குல எடுக்கலை. சத்தியம் தப்பலை. என் அரிசில பாதி உனக்குத்தான்."

சுக்வாரோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"சேலையை நல்லாக் கட்டிக்கோ, கேஜாபாய்."

சுற்றி நின்ற பெண்களின் சிரிப்பு நின்றுபோனது. சுக்வாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். கேஜாபாய் பின்னால் ஓடப் பார்த்தாள். யாரும் வழி விடவில்லை. திரும்பிப் படியேறி மைக்கைப் பிடுங்கி, "போஜலி! போஜலி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். நாலு தெருவுக்கும் கேட்டது. போனவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் திரும்பவில்லை.