எட்டாம் மாதத்துக்குப் பயந்து மலையேறிய நாள்

என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, மழையில் இடிந்துகொண்டிருந்த மலைப்பாதை வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ரோடு சரியில்லை என்று முந்தின நாளே எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று என் வீட்டுக்கு நேர்ந்ததையும், அந்த ஓடைக்கரையில் ஆண்டவர் எனக்குச் செய்ததையும் நீங்கள் அறிய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

சபையில் எழுந்து நின்று சொல்லும்படி போதகர் இரண்டு முறை கேட்டார். என்னால் முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாழைக்குலை சுமக்கிற வேலை. நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துவிடும். வீட்டு ஜெபக்கூட்டங்களில் வரிசையாக ஜெபித்துக்கொண்டு வருவார்கள். என் முறை வரும்போது "ஆமென்" என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடுவேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். சிரித்தும் இருக்கிறீர்கள்.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரே மகள் ஷீபா. அவளை மலைமேல் கிராம்புத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அனீஷுக்குக் கட்டிக் கொடுத்தோம். தலைப்பிள்ளை என்றால் ஏழாம் மாதம் பெண் வீட்டார் பலகாரம் கொண்டுபோய், மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்து வர வேண்டும். ஏழில் முடியாவிட்டால் ஒன்பதில். எட்டில் மட்டும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நாம் ராகுகாலம் பார்ப்பதில்லை, நல்ல நாள் பார்ப்பதில்லை என்று அடுத்த வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லுவோம். இந்த எட்டாம் மாதத்தை மட்டும் நம்மில் யாரும் விட்டதாக எனக்குத் தெரியவில்லை. என் வீட்டிலும் விடவில்லை.

சென்ற ஐப்பசியில் மழை ஒரு வாரமாக நிற்காமல் பெய்தது. நாங்கள் குறித்திருந்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருமகன் போன் செய்தான்.

"மாமா, சப்பாத்துக்கு அடியில மண்ணு அரிச்சிட்டுப் போயிருக்கு. ரெண்டு வளைவுல மலை இடிஞ்சு கெடக்கு. நாளைக்கு வராண்டாம். மழை விட்ட பொறவு வாருங்க."

சப்பாத்து என்றால் ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டியிருக்கும் பாலம். அதைத் தாண்டாமல் தோட்டத்துக்குப் போகவும் முடியாது, இறங்கவும் முடியாது.

வீட்டுக்குள் போனேன். என் மனைவி செல்வராணியும் மதினியும் முந்திரிக்கொத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நாற்காலியில் இருந்தார்.

"அனீஷ் கூப்பிட்டான். ரோடு..." என்று தொடங்கினேன்.

"செவ்வாக்கிழமை எட்டு பொறந்துரும்," என்றாள் செல்வராணி. "பொறவு ஒரு மாசம் அவ அங்கனயே கெடக்கணும். ஒரு வலின்னா பக்கத்துல நர்சு உண்டா, என்ன உண்டு?"

"மலை ரோடு என்னைக்குலே நல்லா கெடந்துச்சு?" என்றார் அண்ணன். "பலகாரம் ரெடி. ஜீப்பு பேசியாச்சு. நாளைக்குப் போவலன்னா சம்மந்தக்காரன் மொகத்துல எப்பிடிலே முழிப்ப? உனக்குப் பயமா இருந்தா நீ இங்கனயே கெட. நாங்க போய் கூட்டிட்டு வாறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சப்பாத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் நானும் செல்வராணியும் அண்ணனும் ஜீப்பில் மலையேறிவிட்டோம். இடிந்து கிடந்த வளைவுகளில் ஒரு வண்டி போகுமளவுக்கு மண்ணை ஒதுக்கியிருந்தார்கள். சப்பாத்தின் ஒரு ஓரம் உடைந்திருந்தது. டிரைவர் உள்பக்கமாக ஒட்டி ஓட்டினார். மேலே போனதும் அனீஷ் என் முகத்தைப் பார்த்தான். பெரியவர்கள் முன்னால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு லீவு கிடைக்காததால் எங்களோடு வரவில்லை. பந்தி முடிந்து, பயணத்துக்காக அண்ணன் நீளமாக ஜெபித்தார். அவர் ஜெபம் எப்போதும் நன்றாக இருக்கும். பதினொன்றரை மணிக்கு மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

மூன்றாவது வளைவில் சேறு சரிந்து ரோட்டை மூடியிருந்தது. நாங்கள் ஏறும்போது அது இல்லை.

"ஆளோட வண்டி ஏறாது. எறங்கி அந்தப் பக்கம் நடந்துருங்க," என்றார் டிரைவர்.

இறங்கினோம். செல்வராணி ஷீபாவின் ஒரு கையைப் பிடித்திருந்தாள். நான் அவளுடைய பையைச் சுமந்துகொண்டு முன்னால் போனேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஷீபா சேற்றில் வழுக்கி, ஒரு கல்மேல் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா. ஒண்ணும் இல்ல," என்றாள். உதடு வெளுத்திருந்தது.

மறுபடி ஜீப்பில் ஏறிப் பத்து நிமிடம் போயிருக்கும். "அம்மா, நனையுது," என்றாள். செல்வராணி சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ரத்தம்.

ஓடைக்கு வந்தபோது சப்பாத்து இல்லை. நடுப்பகுதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கல் உருளும் சத்தம் கேட்டது. அக்கரையில், கொஞ்சம் தள்ளி, ஒரு ஜேசிபி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தது. எந்தப் போனிலும் டவர் இல்லை. அண்ணனும் டிரைவரும் கத்தினார்கள். ஹாரன் அடித்தார்கள். இயந்திரத்தின் இரைச்சலில் அந்த ஆளுக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது ஜெபம் வரவில்லை.

ஜீப்புக்குள்ளிருந்து செல்வராணி அலறினாள். "மனுசங்கிட்டதான் பேசமாட்டீங்க. ஆண்டவருகிட்டயாவது வாயைத் தொறங்க! பிள்ளை போயிருவாளே!"

நான் தண்ணீர் ஓரத்தில் போய் நின்றேன். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, இது எனக்க தப்பு. எனக்க பிள்ளை என்ன செஞ்சா? ரெண்டு உசுரையும் தாரும். கேக்குதா உமக்கு? கேக்குதா?"

மெதுவாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது மலை அதிரக் கத்திக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போது அந்த ஜேசிபி நின்றது. இரைச்சல் அடங்கியது. கதவைத் திறந்து ஒரு ஆள் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கினார். நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

கரைக்கு ஓடி வந்தார். நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடும் வெள்ளை நாமம், மழையில் பாதி கரைந்திருந்தது. பெயர் சுயம்பு என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"யாருவே அது, மலை இடிஞ்ச மாதிரி கத்துனது?" என்றார். அண்ணன் என்னைக் காட்டினார். "இந்தத் தொண்டைய வச்சிட்டா ஹாரன் அடிச்சிட்டு நின்னிய?"

பிறகு ஜீப்புக்குள் கிடந்தவளை அண்ணன் கைகாட்ட, அவர் முகம் மாறியது. திரும்பி ஓடினார். இயந்திரத்தை ஓடைக்குள் இறக்கினார். அதன் கையை நீட்டி, மண் அள்ளும் தொட்டியை எங்கள் காலடியில் வைத்தார். ஜீப்பிலிருந்த தார்ப்பாயையும் போர்வையையும் அதில் விரித்து, ஷீபாவைக் கிடத்தினோம். செல்வராணி உள்ளே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாத மக்கா. அய்யா இருக்காரு. கண்ணை மூடிக்க," என்று அவர் மேலிருந்து சொன்னார்.

தொட்டி வெள்ளத்துக்குமேல் உயர்ந்தது. அதன் பற்களிலிருந்து சேறு சொட்டியது. இருபத்தைந்து வருடம் சுமை தூக்கிய தோளோடு நான் இக்கரையில் சும்மா நின்றேன்.

அக்கரையில் ரோடு வேலைக்கு வந்த வண்டி ஒன்று நின்றது. எங்களையும் இந்தக் கரையிலிருந்து எடுத்து அதில் ஏற்றிவிட்டார். கும்பிடக் கை எடுத்தேன். அவர் சங்கடப்பட்டார்.

"நான் சோறு திங்கத்தான் நிறுத்துனேன் அண்ணாச்சி. எப்பமும் ஒரு மணிக்குத்தான் நிறுத்துவேன். காலையில ஒண்ணும் திங்கல, அதான் பசி தாங்கல. போங்க, பிள்ளைய பாருங்க."

அந்த மனிதருக்கு அன்று நேரத்தோடு பசித்தது. என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான் என்று நான் நம்புகிறேன். யார் சிரித்தாலும் நம்புகிறேன்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஷீபா பிழைத்தாள். பிறந்தது பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கையில் அடங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். போதகர் வந்து விரலை நனைத்து அதன் நெற்றியில் தொட்டு, கிருபா என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அனீஷ் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தான். முழங்கால் வரை சேறு. என்னிடம் ஒன்றுதான் சொன்னான்.

"சப்பாத்து போயிரும்னு நான் சொன்னேன்லா மாமா."

செல்வராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுந்து போய் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை குழந்தை இறந்தது. செல்வராணி எண்ணி வைத்திருந்த எட்டாம் மாதம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள், ஆண்டவருக்கு அந்தப் பூ தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார் என்று. நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனாலும் சொல்லுகிறேன், அவர்மேல் அதைப் போடாதீர்கள். மழையில் மலையேறச் சொன்னது அவர் இல்லை. மருமகன் மூலமாக முந்தின நாளே தடுத்தார். நான் அதை விழுங்கிவிட்டேன்.

ஷீபா மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. திரும்பிப் போவதற்கு முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஓடைக்கரையில கத்துனீங்கல்லா அப்பா. அதை வெள்ளிக்கிழமை வீட்டுல வச்சு கத்தியிருக்கலாம்லா?"

அழுதேன். அவள் துணியை வைத்துவிட்டு, "சரி, சாப்பிட வாங்க" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். அவள் அப்படி நினைத்துத்தான் சொன்னாளா, தெரியாது.

இரண்டு உயிர் கேட்டேன். ஒன்று கிடைத்தது. அதற்காகத் தினமும் காலையில் நன்றி சொல்லுகிறேன். மற்றதற்காக இன்னும் நன்றி சொல்ல முடியவில்லை. அதையும் அவரிடமே சத்தமாகச் சொல்லுகிறேன். அவர் என்னைத் துரத்தவில்லை. கசப்போடு போனாலும் கேட்கிறார். உங்களுக்கும் கேட்பார். அழகான வார்த்தை இல்லையே என்று தயங்காதீர்கள்.

இப்போது ஜெபக்கூட்டத்தில் என் முறையை நான் விடுவதில்லை. இரண்டு வரிதான் சொல்லுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது.

இந்த வருடமும் மழை வரும். நம் சபையில் எந்த வீட்டிலாவது பேறுகாலத்துக்குப் பிள்ளையை அழைத்து வர நாள் குறித்திருந்து, ரோடு மோசம் என்று சேதி வந்தால், போகாதீர்கள். எட்டாம் மாதம் வெயில் அடித்தால் எட்டாம் மாதம் போங்கள். வீட்டில் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், எதிர்த்துச் சொல்லப் பயமாக இருக்கிறது என்றால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து சொல்லுகிறேன்.