முதுகில் ஐந்து உருண்டை

என் அண்ணனைச் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் டைல்ஸ் ஒட்டக் கற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கற்றுக்கொண்டபோதும் இருக்கவில்லை.

அம்மா எங்கள் பழனிசெட்டிபட்டி வீட்டுக் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நாற்பது நாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவளோடு கடைசிவரை இருந்தவள் நான். அண்ணனுக்கு இரண்டு தெரு தள்ளித் தனி வீடு, தனிக் குடும்பம். அவன் பில்டிங் காண்ட்ராக்டர். தேனியிலும் அல்லிநகரத்திலும் புதிதாக எழும்பிய வீடுகளில் அவன் கை படாதது குறைவு. அம்மா விழுந்த அந்தத் தரைக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் டைல்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். ஆட்களோடு வந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் வேறு ஒரு சண்டையில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

கேதத்துக்கு வந்தவர்களிடம் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "இவ குளிச்சா சோப்புத் தண்ணிய அலசி விடவே மாட்டா. வழுக்காம என்ன செய்யும்?" அம்மாவை இன்னும் எடுக்கவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தது. நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் அவனை அதட்டவில்லை. சித்தி மட்டும் என் பக்கம் திரும்பி, "ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவ, வீட்டுத் தரையக் கழுவ நேரமில்லபோல" என்றாள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அந்த ஒரு வாக்கியம் உத்தமபாளையம், கம்பம் வரை உள்ள எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பின் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அம்மாவைக் கொன்றவளைப் பார்க்கிற பார்வைதான்.

எனக்கு அந்தத் தரைமேல் சந்தேகம் இருந்தது. சந்தேகத்தைக் கொடுத்தது அம்மாவேதான். விழுவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பிருந்தே, "நடந்தா டொக்கு டொக்குங்குதுடி இந்தத் தரை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது மந்தம். "வாசல்ல காஸ்காரன் கத்துறது கேக்கல, தரை பேசுறது கேக்குதாக்கும்" என்று சிரித்தேன். "காதுல கேக்கல, கால்ல கேக்குது" என்றாள். நான் இன்னும் சிரித்தேன். அப்புறம் அவள் அங்கே குளிக்கவே பயந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி மறைவில் குளிக்க ஆரம்பித்தாள். எழுபத்தெட்டு வயதுக்காரி. பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் ஜாடையாகக் கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். படியில் விழுந்துவிடுவாள் என்பதற்காகப் போட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பூட்டுப் போட்ட மூன்றாவது மாதம் கீழே அந்தக் குளியலறையில் விழுந்தாள்.

அண்ணன் வாய் திறந்த அன்றே முடிவு செய்தேன். தரையைப் பெயர்த்து, அடியில் அவன் செய்து வைத்திருப்பதை எல்லாருக்கும் காட்ட வேண்டும். மூன்று கொத்தனார்களைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் வந்து பார்த்து, "யாரு போட்ட வேலை?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அவன் கொடுக்கிற வேலையில் சாப்பிடுகிறவர்கள், அவன் பிழையை எப்படிப் பெயர்ப்பார்கள்? சரி, எனக்கும் இரண்டு கை இருக்கிறது என்று செல்போனில் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். உருண்டை வைத்து ஒட்டிய கல்தான் டொக்கென்னும் என்று அதில் ஒருத்தன் சொன்னான். வருஷத் திதிக்கு ஒரு மாதம் இருந்தது.

தேனிக் கடைகளில் வாங்கினால் மாலைக்குள் அவன் காதுக்குப் போய்விடும். உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். பெரிய டைல்ஸ் கடை. முதலாளி என் வயதுக்காரர், பாய். நான் எழுதிக்கொண்டு போன சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார்.

"கொத்தனாரு வரலியாக்கா?"

"நாந்தான் கொத்தனாரு."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர், அடக்கினார். "அப்ப பேக்குற சோலியே வேணாம்க்கா. பழைய கல்லு மேலயே ஒட்டுறதுக்குன்னு தனிப் பசை இருக்கு. தூசி கெடையாது, இடி சத்தம் கெடையாது. பொம்பள ஆளு நீங்க, கை நோகாம முடிச்சிறலாம்."

"எனக்குப் பேக்கணும்."

"எதுக்கு?"

"அடில என்ன இருக்குன்னு பாக்கணும்."

ஏன் என்று கேட்க நினைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அப்படியானால் வேறு பசை என்று, ஈரம் புழங்கும் தரைக்கான மூட்டையை இறக்கச் சொன்னார். நான் மூட்டையைப் புரட்டித் தயாரித்த தேதியைத் தேடினேன். மருந்து டப்பாவைப் புரட்டிப் புரட்டிப் பழகிய கை. "தேதி பாத்து வாங்குற மொத ஆளு நீங்கதான்" என்றார் பாய். அதற்குப் பிறகு என்னைக் கொத்தனாராகவே நடத்தினார். சாதாரணக் கரண்டியை எடுத்தேன்; அதைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பல் வைத்த கரண்டியைக் கொடுத்தார். பசையைப் பரப்பி இந்தப் பல்லால் ஒரே திசையில் கோதிவிட வேண்டும், கோடுகள் சரியாமல் நிற்க வேண்டும். தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் கையடக்கமானது போதும், இடம் சின்னது. வெட்டுகிற மெஷின் கேட்டேன். "வெரலு போயிரும்" என்று கோடு கிழித்து உடைக்கிற கட்டரைக் காட்டினார். ரப்பர் சுத்தியல், உளி, கண்ணாடி, கையுறை, தண்ணீர் இறங்காமல் பூசுகிற திரவம். சொரசொரப்பான தரைக்கல் மூன்று பெட்டி.

"கலக்குன பசை இறுகிருச்சுன்னா தண்ணி ஊத்தி இளக்காதீக. கீழ கொட்டிருங்க," என்றார். "இன்னொண்ணு. மொதக் கல்ல ஒட்டுனதும் உடனே பிச்சு, முதுகத் திருப்பிப் பாருங்க. முதுகு பூராம் பசை இருக்கணும். எங்கனயாவது வெறும் எடம் இருந்தா அங்கன தண்ணி போய் நிக்கும். கல்லு பொய்யாயிரும், தட்டுனா வெத்துச் சத்தம் வரும்."

"உருண்டை உருண்டையா வச்சு ஒட்டுனா?"

"அது ஒட்டுறதில்லக்கா. ஏமாத்துறது."

அந்த வார்த்தையைச் சாமி பிரசாதம் மாதிரி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை உளியை எடுத்தேன். பலமாக அடிக்க வேண்டியிருக்கும் என்று தோள்பட்டைக்குத் தைலமெல்லாம் தேய்த்துத் தயாராக இருந்தேன். தேவையே படவில்லை. விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பியதும் கல் முழுசாகக் கையோடு வந்தது. திருப்பினேன். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று, ஐந்து சிமெண்ட் உருண்டைகள். மற்ற இடமெல்லாம் வெறும் முதுகு. அடியில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி நாற்றமடித்தது. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அம்மா விழுந்த இடத்துக் கல்லில் ஒரு மூலை உருண்டை கரைந்தே போயிருந்தது. அந்த மூலையில் கால் வைத்தால் கல் சாயும். கையால் அழுத்திப் பார்த்தேன், சாய்ந்தது. டொக்கென்றது.

எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். வேறு பெயர் சொல்லி மழுப்ப மாட்டேன். அம்மாவைக் கொன்றது இதோ என் கையில் இருக்கிறது, கொன்றவன் பெயரும் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் தூசியோடு உட்கார்ந்து காபி குடித்தேன். அந்தக் கல்லை மட்டும் உடையாமல் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதன்பின் ஒட்டுகிற வேலை. அதை விட்டுவிட்டு ஆதாரத்தை மட்டும் காட்டியிருக்கலாம். ஆனால் அவன் செய்ததைவிட நன்றாக நான் செய்து காட்டினால்தான் அவனுக்கு வலிக்கும். தினமும் வேலை முடிந்து வந்து இருட்டும்வரை குனிந்தே கிடந்தேன். மருந்து அளக்கிற குவளையில் தண்ணீர் அளந்து பசை கலக்கினேன். முதல் கல்லை ஒட்டிப் பிய்த்துப் பார்த்தேன். முதுகில் பாதிதான் பசை. வழித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மூன்றாவது தடவை முதுகு முழுக்கப் பிடித்திருந்தது. தண்ணீர் ஓட்டைப் பக்கம் போக வாட்டம் வைப்பதற்குள் இரண்டு நாள் போயிற்று. மணிக்கட்டு வீங்கியது, இரண்டு நகம் பெயர்ந்தது. பன்னிரண்டாம் நாள் இடுக்கெல்லாம் பூசித் துடைத்துவிட்டு, ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கெட்டிச் சத்தம்.

திதிக்கு எல்லாரும் வந்தார்கள். அம்மா காரியம் என்பதால் அண்ணனும் குடும்பத்தோடு வந்தான். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் துண்டை அவிழ்த்து அந்தக் கல்லைக் கூடத்தின் நடுவில் குப்புற வைத்தேன். அம்மா விழுந்த இடத்துக் கல் என்றேன். சித்தி, "திதி அன்னிக்கு என்னடி இது?" என்றாள். நான் அண்ணனைத்தான் பார்த்தேன்.

"எத்தன உருண்டைன்னு எண்ணிச் சொல்லுண்ணே."

அவன் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தான்.

"காண்ட்ராக்டருக்கு எண்ணத் தெரியாதா? சத்தமா எண்ணு. எல்லாரும் கேக்கட்டும்."

ஐம்பத்தெட்டு வயது மனிதனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக்கி எண்ண வைத்தேன். "நாலு," என்றான். "ஒரு மூலைல கரைஞ்சிருக்கு. அஞ்சு வச்சது." பிறகு யாரையும் பார்க்காமல், "வேற சைட்டுக்கு நேரமாயிருச்சுன்னு ஆளுகள வெரட்டுனேன். அம்மா ஒரு ஆளுதான பொழங்கப் போகுதுன்னு நெனச்சுட்டேன்" என்றான். மதினி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். அவன் மகள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷமாக என்மேல் இருந்த பார்வையெல்லாம் அவன்மேல் போய் விழுந்ததை நான் நிதானமாக ரசித்தேன்.

போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. எழுந்து குளியலறைக்குள் போனான். அவன் காசால் தட்டுகிற சத்தம் கூடம் வரை கேட்டது. ஒன்றுவிடாமல் தட்டினான். திரும்பி வந்து என் எதிரில் நின்றான்.

"நீயா போட்ட?"

"நாந்தான்."

"ஒரு கல்லுகூடப் பொய்யில்ல. வாட்டமும் சரியா இருக்கு. என் ஆளுககூட இப்படிப் போட மாட்டாக." குரலில் குத்தல் இல்லை. தொழில்காரனின் பேச்சாகவே இருந்தது. "எத்தன நாளாச்சு?"

"பன்னெண்டு."

தலையாட்டினான். கல்லை ஒரு தடவை பார்த்தான். "இந்தக் கல்லு சத்தம் போட்டிருக்குமே. அம்மா சொல்லலியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீழே கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"என்ட்ட சொல்லல," என்றான். "ஒருக்கா சொல்லிருந்தா மறுநாளே பேத்திருப்பேன். உன்ட்ட எப்பச் சொல்லுச்சு?"

"விழுறதுக்கு ஒன்றரை வருசம் முன்ன."

"பன்னெண்டு நாள் வேலை," என்றான் அண்ணன். கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். மாடிக் கதவுப் பூட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவனைப் பிடிப்பதற்காக நகம் பெயரச் செய்த வேலையை அவளுக்காகச் செய்ய எனக்குத் தோன்றவே இல்லை. அவள் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. பெயர் கெட்டது அவனுக்குத்தான், சொந்தத்தில் யாரும் இப்போது அவனிடம் வீட்டு வேலை கொடுப்பதில்லை. நான் தினமும் காலையில் அந்தத் தரையில்தான் குளிக்கிறேன். அது சத்தம் போடுவதில்லை. குளித்து முடித்ததும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, சோப்புத் தண்ணீரை மறக்காமல் அலசி விடுகிறேன்.