கருப்பு மை பட்ட கராச்சிக் கடிதம்

தாராவியில் எங்கள் கோலிக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, ஒரே ஒரு ஜன்னல்தான். அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று அதற்கும் பழுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். தகரச் சுவரில் இருந்த ஓட்டைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். சயானில் ரயில் ஏறிப் போய், மாலை ஆறரைக்கு வீடு திரும்புவேன். அப்பாவுக்குத் தோல் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் வேலை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருகிற கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். பதில் எழுதுவதும் நான்தான்.

யார் ஜெயிப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அம்மாவின் கவலை அதுவல்ல. அவளுடைய தங்கை, என் சித்தி, கராச்சியில் இருந்தாள்.

நாட்டைப் பிரிப்பதற்கு முன்னால் நடந்த கல்யாணம் அது. சித்தப்பா கராச்சித் துறைமுகத்தில் ஃபிட்டர். எங்கள் திருநெல்வேலி ஆட்கள் பம்பாய்க்குப் பிழைக்க வந்த மாதிரி கொஞ்சப் பேர் கராச்சிக்கும் போயிருந்தார்கள். இங்கே கப்பல் ஏறினால் அங்கே போய் இறங்கலாம், அவ்வளவுதான். தாயில்லாத தங்கையை வளர்த்து, மாப்பிள்ளை பார்த்து, கப்பலேற்றி அனுப்பியவள் அம்மாதான். இரண்டு வருஷத்தில் அது வேறு தேசமாகிவிட்டது.

"நான் பக்கத்து ஊருக்குத்தான் கட்டிக் குடுத்தேன். இவனுவ அத வெளிநாடாக்கிட்டானுவ" என்பாள் அம்மா.

மாதம் ஒரு கடிதம் வரும். சண்டை தொடங்கியதும் தபால் நின்றுபோனது. குழாயடியில் ஒருத்தி, "ஒந் தங்கச்சி பாகிஸ்தான்காரிதானக்கா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"ஆமாட்டி, அவதான் ஏரோப்பிளான் ஓட்டுதா! அங்கன உக்காந்து தோசைக்கு மாவாட்டிட்டுக் கெடப்பா, சவத்த மூதி. இவ வந்துட்டா கேக்க!"

கேட்டவள் குடம் நிறைவதற்கு முன்பே நழுவிவிட்டாள். அம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்தச் சந்தில் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அந்த வாய் அடங்கிவிடும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள். "புள்ளையளோட எங்க ஓடுனாளோ" என்பாள்.

சண்டை நின்றது. பிறகு ஜனவரியில், ரஷ்யாவில் வைத்து இரண்டு தேசத்துக்காரர்களும் சமாதானக் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட இரவே நம் பிரதமர் அங்கேயே இறந்துபோனார். சமாதானச் செய்தியும் சாவுச் செய்தியும் சேர்ந்தே வந்தன. கடைகளை அடைத்துவிட்டார்கள். அப்பா பேப்பரைச் சத்தமாகப் படித்து, "லடாய் முடிஞ்சிட்டு, இனிமே தபால் வந்துரும்" என்றார். அம்மா பாதியைத்தான் காதில் வாங்கினாள். "சமாதானம் பேசப் போன எடத்துலயே உசுரு போயிருக்கு. சகுனம் சரியில்ல" என்றாள். "உங்க சகுனத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க" என்று நான் கத்தினேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வரும். இப்போது மட்டும் என்ன, கொஞ்சம் மெதுவாக வருகிறது.

ஜன்னல் காகிதத்தைக் கிழித்து, மிச்சம் ஒட்டியிருந்ததை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினோம். சில வாரங்கள் கழித்துத் தபாலும் திறந்தது. அது தெரிந்ததிலிருந்து அம்மா பகல் முழுக்க வாசலிலேயே இருந்தாள்.

அன்று நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது சந்து முனையிலேயே ஒப்பாரி கேட்டது. அம்மாவின் குரல். அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வாசலில் பத்துப் பெண்கள். நடுவில் அம்மா ஈரப் புடவையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பா, முழுசாக, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒஞ் சித்தி போயிட்டாளாம், புள்ள" என்றார் அப்பா.

மத்தியானம் கராச்சியிலிருந்து கவர் வந்திருக்கிறது. அதன் ஓரமெல்லாம் கருப்பு மை. சாவுச் செய்தி சொல்லும் கடிதத்துக்குத்தான் எங்கள் பக்கத்தில் ஓரத்தில் கருப்புத் தடவுவார்கள். அந்தக் கடிதம் வாசற்படி தாண்டக்கூடாது. வெளியே நின்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு, கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அம்மா அப்படியே செய்திருக்கிறாள். படித்துச் சொல்ல ஆளில்லை. அடுத்த வீட்டுக்காரியும் எட்டிப் பார்த்து, "கருப்பு போட்டிருக்கேக்கா" என்று சொன்னதும் அம்மாவுக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. கவரைப் பிரிக்கக்கூட இல்லை. எட்டாகவோ பத்தாகவோ கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டாள்.

"யார் எழுதியிருந்தா? யாருக்கு என்ன ஆச்சு? எதுவும் தெரியாமலா கிழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அதான் கருப்பு இருந்துச்சேட்டி!"

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கடையில் கையை விட்டேன். ஆபீஸ் புடவை. சுற்றியிருந்தவர்கள் "ஏ புள்ள, ஏ புள்ள" என்றார்கள். ஆறு துண்டுகள் கிடைத்தன, மற்றவை போய்விட்டன. குடத்துத் தண்ணீரில் அலசி, படியிலே பரப்பி, சிம்னி விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மை கரைந்திருந்தது. ஆனாலும் சித்தியின் கையெழுத்தை நான் அறிவேன். "ல"வுக்கு ஒரு பெரிய கொக்கி போடுவாள். ஒரு துண்டில், "அவுகளும் புள்ளைகளும் சுகம்" என்று இருந்தது. இன்னொன்றில், "வீடு மாத்தியாச்சு, இனிமே இந்த விலாசத்துக்கு" என்று இருந்தது. மூன்றாவதில் நாலு வரியை யாரோ பட்டைக் கருப்பு மையால் அடித்திருந்தார்கள். கவரின் துண்டைத் திருப்பினேன். ஓரத்தை வெட்டித் திறந்து, மறுபடி ஒட்டி, ஒட்டிய இடமெல்லாம் அதே மையைத் தடவி, மேலே ஒரு முத்திரை. எந்தத் தேசத்து ஆபீஸரோ பிரித்துப் படித்திருக்கிறார். தபால் திறந்துவிட்டது, சந்தேகம் இன்னும் தீரவில்லை.

"யாரும் சாகல. சித்தியே எழுதியிருக்கா. இது சர்க்கார் மை" என்றேன்.

ஒப்பாரி நின்றது. ஒரு பெண் மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப ஆயுசு கெட்டி" என்றாள். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அம்மா சிரிக்கவில்லை. அந்த ஆறு துண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புது விலாசம் எங்கட்டி?"

விலாசம் இருந்த துண்டு கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அதத்தான் நீங்க சாக்கடைக்குக் குடுத்துட்டீங்களே! ரெண்டு தேசமும் சேந்து செய்ய முடியாதத நீங்க ஒத்தையில செஞ்சுட்டீங்க!" என்று கத்தினேன். அம்மா குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள். அவள் வைதிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பழைய விலாசத்துக்கு எழுதினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, ஆள் இல்லை என்ற முத்திரையோடு கடிதம் திரும்பி வந்தது. அப்பா கராச்சித் துறைமுகத்துக்கே சித்தப்பா பெயரைப் போட்டு ஒன்று எழுதச் சொன்னார். அது திரும்பவும் இல்லை, போய்ச் சேர்ந்த தகவலும் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பதை விட்டுவிட்டாள். "உசுரோட இருக்கவளுக்குக் குளிச்ச தல இது" என்று சொல்லி, கோவிலுக்குப் போகவும் மறுத்தாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள், நான் நனைந்துகொண்டே வீடு வந்தால் அம்மா வாசலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒரு செம்பு. செம்புக்கு அடியில் ஒரு கவர்.

"பதினோரு மணிக்கு வந்துச்சு. நான் தொடல. போஸ்ட்மேனே வச்சுட்டுப் போனான். படி" என்றாள்.

பதினோரு மணியிலிருந்து ஆறரை வரை அப்படியே காவல் காத்திருக்கிறாள்! உள்ளே கொண்டுபோகவும் மனமில்லை, விட்டு நகரவும் மனமில்லை. இந்தக் கவரில் கருப்பு இல்லை. சித்தியின் கையெழுத்து. அப்பா பெயருக்கு வந்திருந்தது. அங்கேயே நின்று சத்தமாகப் படித்தேன்.

"அத்தானுக்கு எழுதிக்கொண்டது. நான் போட்ட காயிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அக்கா இருந்தால் பதில் போடாமல் இருக்க மாட்டாள். லடாயில் பம்பாயில் குண்டு விழுந்தது என்று இங்கே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அக்காவை நான் இழந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோச்சு. நீங்கள் என்னிடம் சொல்ல மனசில்லாமல் இருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை அக்காவுக்காக நான் தலைக்குக் குளித்துவிட்டேன். அக்கா எந்தத் தேதியில் போனாள் என்று மட்டும் எழுதவும். வருஷா வருஷம் அன்றைக்கு நான் ஒரு நேரம் பட்டினி கிடக்க வேண்டும்."

கீழே புது விலாசம், தெரு முதல் கதவு எண் வரை, இரண்டு தடவை எழுதியிருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி உடம்பு நனைந்துகொண்டிருந்தது.

"ஏட்டி," என்றாள், "எந்தத் தேதின்னு போடப் போற?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும். சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சண்டாளி, உசுரோட இருக்கவளுக்குக் குளிச்சிருக்கா பாரேன்!" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நான் வளத்த புள்ளதான, வேற எப்படிச் செய்வா" என்றாள். நான் அவள் பக்கத்தில் நனைந்த படியிலேயே உட்கார்ந்து, "அன்னைக்கு அப்படிக் கத்துனது தப்பும்மா" என்றேன். "சரி சரி, பேப்பர எடு" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் சாகவில்லை, சாகிற உத்தேசமும் இல்லை, நீ பட்டினி கிடக்காதே என்பது முதல் வரி. கவரை ஒட்டியதும் அம்மா உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தித் தடவினாள்.

"என்னம்மா இது, கல்யாணக் காயிதம் மாதிரி? இங்க யாருக்கோ கல்யாணம்னு நெனச்சுப் பிரிப்பா சித்தி."

"நெனைக்கட்டும்ட்டி. எழவுன்னு நெனச்சு அத்தன நாள் அழுதாள்ல. கல்யாணம்னு நெனச்சு, பிரிக்கிற வரைக்குமாவது சிரிக்கட்டும்."