குவைத்துக்குப் போன ஒட்டுப்போர்வை

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டைகளுக்கு வாய் தைக்கிற கௌஸ் பாஷாவை, தன் வாயையும் சேர்த்துத் தைத்துக்கொண்டவன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எண்பத்து நாலில் மனைவி அசீசுன்னிசா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன பிறகு அந்தக் கேலியும் ஓய்ந்துவிட்டது. பதிலே சொல்லாதவனை எவ்வளவு நேரம்தான் கிண்டுவது? மகள் சாகிராவுக்குச் சோறு வடித்து, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கோணி ஊசியோடு கிளம்புவான். சடை மட்டும் நாளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும்.

அசீசுன்னிசாவின் குரல் கேசட்டில் வரும். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் யாராவது கொண்டுவருவார்கள். வீட்டில் டேப் கிடையாது. தெருக்கோடியில் மெஹபூப் பீ வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். அவள் புருஷன் நசுருதீனும் குவைத்தில் டிரைவர்.

"இங்க எங்க பாத்தாலும் ஏசிதான். குளுர்ல பல்லு தந்தி அடிக்குது" என்று ஒரு கேசட்டில் அசீசுன்னிசா சிரித்தாள். கேட்ட எல்லாரும் சிரித்தார்கள். சாகிரா சிரிக்கவில்லை.

"அத்தா, அம்மாகிட்ட போர்வ இருக்குதா?"

அவனுக்குத் தெரியவில்லை. கம்பளி வாங்குகிற நிலையும் இல்லை. பஜாரில் டெய்லர் தாண்டவராயன் கழித்துப்போட்ட துண்டுத்துணிகளைப் பை நிறைய அள்ளிவந்தான். பூப்போட்டது, கட்டம் போட்டது என்று சாகிரா தரையில் அடுக்க, அவன் தைத்தான். கோணி ஊசி மெல்லிய துணியில் பெரிய பெரிய ஓட்டை போட்டது. சின்ன ஊசிக்கு மாறினான். அது துணியைவிட அவன் விரலைத்தான் அதிகம் குத்தியது. சாகிராவுக்குச் சிறுத்துப்போன மஞ்சள் கவுனை வெட்டி நடுவில் வைத்தார்கள்.

லீவில் வந்திருந்த நசுருதீன் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா பாய் இது, ஊட்டுக்காரம்மாவுக்கா, ஒட்டகத்துக்கா?" என்றான். ஆனாலும் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

அதிலிருந்து தெருவில் யார் வீட்டில் வெளிநாட்டுப் பெட்டி இறங்கினாலும் சாகிரா ஓடினாள். அம்மாவுக்குப் போர்வை பிடித்ததா என்று தெரிய வேண்டும். அவனுக்கும்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில், பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறைகள் ராத்திரியில் ஊர்மேல் அனல் விட, வெறுந்தரையில் புரண்டுகொண்டே, அவளாவது குளிரில் தங்கள் போர்வைக்குள் சுருண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பில் கொஞ்சம் நிழல் இருந்தது.

ஆடியில் கேசட் வந்தது.

"சாகிரா கண்ணு, போர்வ வந்துச்சி. உன் மஞ்ச கவுனப் பாத்துட்டேன்டி. தெனமும் ராத்திரி அதத் தண்ணில முக்கிப் புழிஞ்சி, போத்திக்கினுதான் படுக்குறேன். அப்பதான் கொஞ்சம் கண்ணு மூட முடியுது..."

குரல் சட்டென்று நின்றது. நாடா மட்டும் இரைந்தது. பிறகு, "சோறு ஒழுங்கா துன்றியா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

"அத்தா, தெனமும் போத்திக்கிறாங்களாம்!" சாகிரா கைதட்டினாள். அடுத்த நிமிஷமே முகத்தைச் சுளித்தாள். "குளுர்ல எதுக்கு நனைக்கிறாங்க?"

"தொவச்சிருப்பா."

மெஹபூப் பீ அவனைப் பார்த்தாள். அவன் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏசி அறையில் யாரும் ஈரத்துணி போர்த்திப் படுப்பதில்லை. ஏசி வீட்டுக்காரர்களுக்கு. அவள் படுப்பது அதே வீட்டில் ஏதோ ஒரு புழுக்கத்தில். இத்தனை கேசட்டிலும் குளிர், குளிர் என்று சிரித்தது இவர்கள் இருவருக்காக.

கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்ப வேண்டும். சாகிரா பள்ளிக்கூடக் கதையெல்லாம் ஒப்பித்துவிட்டு நகர்ந்தாள். அவன் டேப்பின் முன்னால் குனிந்தான். வந்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தான். குழந்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அசீசு... இன்னொரு போர்வ தச்சி அனுப்புறோம். நடு ராத்திரில ஒண்ணு காஞ்சிட்டா, இன்னொண்ண நனச்சிக்க."

"நாடா இன்னும் இருக்குது பாய், பேசுங்க" என்றாள் மெஹபூப் பீ, மெதுவாக.

வெளியே மேல்மலையனூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதுவும் பதிவானது.