நின்றால் வரும் நடுக்கம்

பாத்திரக் கடையின் கண்ணாடிப் பிரிவில் இருந்த அந்த அம்மாளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. காரணம் மட்டும் கடையில் எல்லாருக்கும் தெரியும். ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். யாராவது ஒரு டம்ளர் கேட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கிடங்குவரை நடந்துபோய் வேறொன்று எடுத்துவருவாள். முதலாளிக்கு அதில் அப்படியொரு பூரிப்பு. மற்றப் பெண்களைக் கூப்பிட்டுச் சுறுசுறுப்பு என்றால் இதுதான் என்று அவளைக் காட்டுவார். உள்ளதைச் சொன்னால் அது சுறுசுறுப்பே இல்லை. பாவம், அவளால் நிற்க முடியவில்லை.

அந்தக் கடையில் உட்காரக் கூடாது. விற்கிறவள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை. கல்லாவில் மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் மனிதர் அப்படி நம்பினார். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை பெண்கள் நின்றே தீரவேண்டும். சாப்பாட்டு வேளையில் மட்டும் கிடங்கில் அட்டைப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஒரு மத்தியானம், மேசைமேல் அடுக்கியிருந்த டம்ளர்கள் தாமாகவே கிணுகிணுத்தன. லாரி போகிறது என்றாள் பக்கத்துப் பீங்கான் பிரிவுக்காரி. எட்டிப் பார்த்தால் தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஜெனரேட்டர் என்றார் முதலாளி. அது ஓடவே இல்லை. எலியாக இருக்குமோ என்று மேசையை நகர்த்தி ஒட்டடை அடித்ததுதான் மிச்சம். பம்பரத்துக்கோ விஷயம் தெரியாமல் தலை வெடித்துவிடும்போல இருந்தது. மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்தாள், சத்தம் நின்றது. திரும்ப ஊன்றினாள், வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளர்களை ஆட்டுவது அவளேதான்.

அன்றிலிருந்து தன்னைத்தானே வேவு பார்க்கத் தொடங்கினாள். நின்ற கொஞ்ச நேரத்தில் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உள்ளே ஏதோ மோட்டார் ஓடும். கையை எங்காவது அழுத்தி ஊன்றினால் கைக்கும் ஏறிவிடும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கை வைத்தால் தெரியும். நடந்தால் விட்டுவிடும். உட்கார்ந்தால் போன இடம் தெரியாது. பஸ் வரும்வரை நிற்கும்போது வரும். அடுப்பு முன்னால் வரும். அதனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடைபோட்டுக்கொண்டே சமைத்தாள்.

காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? எல்லாம் டீயால்தான் என்றாள் நாத்தனார். டீயை விட்டுப் பார்த்தாள், தலைவலி வந்து சேர்ந்தது. சர்க்கரையாக இருக்கும் என்றாள் பீங்கான்காரி. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் தைராய்டும் சமர்த்தாக இருந்தன. வேன் ஓட்டுகிற புருஷன், இஞ்சினைப் பிடித்திருக்கிற ரப்பர் தேய்ந்தால் வண்டி இப்படித்தான் உதறும் என்றார். போயும் போயும் இவரிடம் கேட்டேனே என்று சிரித்துக்கொண்டாள்.

தெருமுனை டாக்டர், மனதில் ஏதாவது கவலையா என்று விசாரித்தார்.

“கவலை இல்லாதவ யாரு டாக்டர்? ஆனா இது உக்காந்தா போயிடுதே. எந்தக் கவலை உக்காந்தா போகும்?”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். நிற்கவைத்தும் நடக்கவைத்தும் பார்த்துவிட்டு, நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

நரம்பு டாக்டரம்மா செய்த காரியம்தான் வேடிக்கை. அவளை அசையாமல் நிற்கச் சொல்லி, தான் தரையில் மண்டியிட்டு, நெஞ்சில் வைக்கிற ஸ்டெதஸ்கோப்பைத் தொடையில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அதை அவள் காதில் மாட்டிவிட்டார். எங்கோ தூரத்தில் ஹெலிகாப்டர் பறக்கிற சத்தம். தன் காலுக்குள் இத்தனை நாளாக இது பறந்துகொண்டிருந்ததா என்று பம்பரம் வாயைப் பிளந்தாள்.

இது அபூர்வமானது, நின்றால் மட்டும் வரும், ஏன் வருகிறது என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். மற்ற பரிசோதனைகளிலும் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

“ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா. அதான் முக்கியமான மருந்து.”

வெளியே வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கடையில் நிற்காதே என்றால் வேலைக்குப் போகாதே என்று அர்த்தம். புருஷனின் வேன் பாதி நாள் சும்மாதான் நின்றது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

மறுநாள் முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டாள். ஒருத்தி உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள் என்று அவர் தொடங்கினார். அவள் வாதாடவில்லை. விலை உயர்ந்த கிண்ணங்கள் இருந்த மேசையில் இரண்டு கையையும் ஊன்றிச் சும்மா நின்றாள். கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துப் பேச ஆரம்பித்ததும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. கையை எடும்மா என்று பதறினார். அவள் காலைப் பற்றிய பதற்றம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஸ்டூல் வந்தது. வியாதிக்காரிக்கு மட்டும் என்ற கண்டிப்போடு.

இரண்டொரு நாளில் பீங்கான்காரி கல்லாவுக்குப் போய், தனக்கும் கால் நடுங்குகிறது என்றாள். பின்னாலேயே கரண்டிப் பிரிவுக்காரி. அவள் பின்னால் பிளாஸ்டிக் வாளிக்காரி.

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இதென்ன ஒட்டுவாரொட்டியா என்று கத்திவிட்டு, பம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

“உனக்குத்தான் இது தெரியுமே. நீயே கை வச்சுப் பாத்துச் சொல்லு. பொய்னு பின்னால தெரிஞ்சுது, உன் ஸ்டூலும் போகும், வேலையும் போகும்.”

பம்பரம் ஸ்டூலிலிருந்து இறங்கி, குந்தி உட்கார்ந்தாள். பீங்கான்காரியின் புடவையைச் சற்றே உயர்த்திக் கெண்டைக்காலில் கை வைத்தாள். நரம்புகள் பச்சையாகப் புடைத்து முடிச்சு முடிச்சாக இருந்தன. பாதம் வீங்கிச் செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது. நடுக்கம் துளியும் இல்லை. கரண்டிக்காரியின் காலும் அப்படியே. வாளிக்காரியின் காலும் அப்படியே. மூன்று பேரும் மூச்சு விடாமல் பம்பரத்தின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து முதலாளியை நேராகப் பார்த்தாள்.

“நடுங்குது மொதலாளி. எனக்கு இருக்கிறதைவிட ஜாஸ்தி.”