நீலம் நின்ற இடம்

வியாழக்கிழமை காலை. நாற்காலியில் ஒருவர் வாய் திறந்தபடி இருந்தார். தொலைபேசி அடித்தது. டாக்டர் மனோன்மணி உறக்கத்திலேயே போய்விட்டார் என்றார் அவருடைய தம்பி. பாதியில் இருந்த பல்லை அடைத்து முடித்தேன். அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

அவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவர். ஒரே கிளினிக்கில் அவருடன் பணியாற்றினேன். அறியாதவர்களுக்காக: உயரமானவர், வேகமாக நடப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போவார், வெற்றிலை புகையிலை போடும் பெண்களின் வாயைப் பார்க்க. புற்றை வலிக்கும் முன்பே பிடித்துவிடலாம் என்று உறுதியாக நம்பினார்.

முறை எளியது. வினிகர் கலந்த நீரில் கொப்பளிப்பு. நீலச் சாயம் தடவுதல். மறுபடி கொப்பளிப்பு. நல்ல தோலில் நீலம் போய்விடும். சந்தேகமான இடத்தில் நிற்கும். “சாயம் இடத்தக் காட்டும். நோயான்னு வெட்டிப் பாத்துதான் சொல்லணும்” என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அஞ்சலை என்ற பால்மரத் தொழிலாளியின் வாய் முழுக்க நீலம் நின்றது.

“என்னா அஞ்சல, பேனா மையக் குடிச்சிட்டியா?” ஒருத்தி கேட்க, சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் பயந்தேன். டாக்டர் பயப்படவில்லை.

“வர்றதுக்கு முன்னால வாயத் தேய்ச்சீங்களாக்கா?”

“ஆமா டாக்டர். செவப்பு வாயோட ஒங்க முன்னால ஒக்கார்றதா? உப்பும் கரியும் போட்டுத் தேய்ச்சேன் லா.”

மரியாதைக்காகத் தேய்த்த புண். புண்ணிலும் சாயம் ஒட்டும்.

“ரெண்டு வாரங் கழிச்சி வரேன். வெத்தல வேணாம், தேய்க்கவும் வேணாம். மரியாதய மனசுல வெச்சுக்குங்க, போதும்.”

சொன்னபடி போனோம். புண்கள் ஆறியிருந்தன. இடது கன்னத்தின் உள்ளே, உளுந்தளவு, நீலம் நின்றது. ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும் என்றார். அஞ்சலை எழுந்துவிட்டார்.

“வலிக்கவே இல்லியே. எதுக்கு வெட்டணும்?”

“வலிக்காதப்ப வந்தா கொஞ்சமா வெட்டலாம். வலிச்சப்புறம் வந்தா கன்னத்தையே கேப்பாங்க.”

“கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே.”

“யாரு? அவங்க எத்தன பேர வெட்டிப் பாத்தாங்களாம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

வெட்டிய துண்டில் ஆரம்பநிலைப் புற்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு டாக்டரே காரில் கூட்டிப் போனார். கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் போனது. உயிர் தங்கியது.

நேற்று இறுதிச் சடங்கு. அஞ்சலை கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார், கூடவே இன்னொரு பெண். அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இது என் நாத்தனா. வாயில வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. நாளைக்குக் கிளினிக் தொறப்பீங்களா?”

“தொறப்போம்க்கா. காலையிலயே வாங்க.”

அஞ்சலை பெட்டியருகே போய்க் குனிந்தார்.

“கேட்டீங்களா டாக்டர்? தொறப்பாங்களாம்.”

பெட்டியை மூடினார்கள். வண்டி நகர்ந்தது.

சென்று வாருங்கள், டாக்டர்.